பதினாறு முடிவதற்குள்

மார்ச் பத்தொன்பதாம் திகதி எனக்குப் பதினாறு வயது முடிகிறது. அதற்குள் கொழும்புக்குப் போய் வந்துவிட வேண்டும் என்று அம்மா தீர்மானித்திருந்தாள். பதினாறு முடிந்தால் அடையாள அட்டை வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அட்டைக்கு விண்ணப்பம் போட்டவர்கள் எட்டு மாதம், பத்து மாதம் என்று காத்திருந்தார்கள். தை மாதத்தில் கொழும்பில் குண்டு வெடித்த பிறகு, அட்டை இல்லாத தமிழ்ப் பெண்ணை எந்தச் சோதனைச் சாவடியிலும் விடமாட்டார்கள். பதினைந்து வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் ஒருவேளை விடுவார்கள்.

நானும் அதே திகதியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது எப்படியாவது வந்துவிட்டால் பயணம் நின்றுவிடும்.

போகவிருந்த இடம் கொட்டாஞ்சேனையில் இருக்கும் புனித லூசியாள் பேராலயம். ஐந்து வருடத்துக்கு முன்னால் என் இடது கண்ணுக்காக அம்மா வைத்த நேர்த்தி அது. பிள்ளைக்குக் கண் தெரிந்தால் கூட்டிக்கொண்டு வந்து உன் காலடியில் வெள்ளிக் கண் வைக்கிறேன் என்று பதுளை ஆஸ்பத்திரியில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கண் தெரிந்துவிட்டது என்றுதான் அன்றுவரை நம்பிக்கொண்டிருந்தாள்.

என் இடது கண்ணில் பார்வை இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அடி பட்டபோது எனக்குப் பதினொரு வயது ஆகியிருக்கவில்லை. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தேயிலை மிலாறுக் குச்சிகளை எங்கள் லயத்து வீட்டு வாசலில் போட்டு, அடுப்புக்கு ஏற்ற அளவில் அம்மா கத்தியால் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரே குந்தியிருந்து துண்டுகளைப் பொறுக்கினேன். "தள்ளிக் குந்து புள்ள" என்று அவள் சொன்னாள். நான் தள்ளிக் குந்தவில்லை. ஒரு துண்டு தெறித்தது. அதன் பிறகு ஞாபகம் இருப்பது கொழுந்து லொறியின் சாக்கு வாசமும், அம்மா தன் வலது கையை முழங்காலில் அடித்துக்கொண்டே வந்த சத்தமும்தான்.

இரண்டு வாரம் கட்டோடு கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் பண்டாரவளையிலிருந்து வந்த ஒரு வேதக்கார அம்மா இருந்தார். அவர் தலையணைக்குக் கீழே ஒரு சின்னப் படம் வைத்திருந்தார். இளம் பெண் ஒருத்தி கையில் தட்டு. தட்டில் இரண்டு கண்கள். அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"அது யாரு கண்ணுங்க?"

"அவங்களோட சொந்தக் கண்ணுதான். கொட்டாஞ்சேனையில பெரிய கோயில் இருக்கு. கண்ணுக்காகக் கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க."

அன்றிலிருந்து அம்மாவுக்கு அவள் கண்ணு மாதா. பெயர் வாயில் நுழையவில்லை என்பதால் மட்டுமில்லை; லூசியாள் என்றால் யாரோ ஒருத்தி, கண்ணு மாதா என்றால் தன்னுடையவள்.

அந்த இரண்டு வாரமும் அம்மா சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிச் சோற்றில் பாதியை நான் ஒதுக்கி வைப்பேன். அது அப்படியே காய்ந்துபோகும். கட்டு அவிழ்த்த நாளில் டொக்டர் என் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மறைத்து, விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். இடது கண்ணில் எண்ணெய்க் காகிதம் ஒட்டியதுபோல ஒரு வெளிச்சம் மட்டும் இருந்தது. ஆனால் அவர் கை இறுக்கமாக இல்லை. விரல் இடுக்கால் வலது கண் பார்த்தது. டொக்டரின் தோளுக்குப் பின்னால் அம்மா நின்றாள். வாய் திறந்திருந்தது. என் பதில் அந்த வாய்க்குள் விழவேண்டும் என்பதுபோல.

"ரெண்டு" என்றேன்.

அம்மா ஓடிப்போய் பணிஸ் வாங்கிவந்து வார்டில் எல்லோருக்கும் கொடுத்தாள். தானும் ஒன்றை இரண்டே கடியில் தின்றாள். பொய் சொன்னேன் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்தேன் என்றுதான் தோன்றியது.

மூன்று மாதத்தில் திரும்பிக் காட்டச் சொன்னார்கள். கண்தான் சரியாகிவிட்டதே, எதற்கு ஒரு நாள் வேலையை விடவேண்டும் என்றார் அப்பா. அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த வெளிச்சமும் போய்விட்டது. வெளியே பார்க்க இரண்டு கண்ணும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பள்ளிக்கூடத்தில் நான் தலையைச் சாய்த்துப் பார்ப்பதை வைத்து "கோழிப் பார்வை" என்று கேலி செய்தார்கள். அதற்கும் சிரித்துப் பழகிக்கொண்டேன்.

ஒரு பொய்யை ஒரு தடவைதான் சொல்கிறோம் என்று நினைக்கிறோம். நான் ஒவ்வொரு நாளும் காலையில் அதை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. வாயால் அல்ல, தேத்தண்ணீர் ஊற்றும்போது, படி இறங்கும்போது, யாராவது இடப்பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திடுக்கிடாமல் திரும்பும்போது.

நேர்த்தி ஐந்து வருடம் தள்ளிப்போனது. ஒவ்வொரு வருடமும் சாவடி, கைது, கொழும்பில் வேலை செய்த பையன்களைப் பிடித்த கதை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இந்த வருடம், பதினாறு முடியவில்லை என்ற வழியை அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

பெப்ரவரி கடைசியில் விரதம் தொடங்கினாள். பயண நாள் வரை வீட்டில் மீனில்லை, கருவாடில்லை. மார்ச் மூன்று, வெள்ளிக்கிழமை என்று நாளும் குறித்தாகிவிட்டது. வியாழன் சாயங்காலம் லுணுகலையிலிருந்து பஸ்ஸில் பதுளை. அங்கிருந்து இரவு ரயில். விடியக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, பகல் முழுக்கக் கோயில், அன்றிரவே திரும்பும் ரயில். யார் வீட்டிலும் தங்குவதில்லை. தங்கினால் பொலிஸில் பதியவேண்டும். இதையெல்லாம் அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டே யோசித்து, சாயங்காலம் வந்து அப்பாவிடம் ஒப்பிப்பாள்.

"கொட்டாஞ்சேனக்காரிக்கு நேந்தா நம்ம மாரியம்மாளுக்குக் கோவம் வராதா?" என்றார் அப்பா. அவருக்குக் கோபம் கருவாடு இல்லை என்பதில்தான்.

"மாரியம்மாகிட்டயும்தான் கேட்டேன். அவதான் பக்கத்துக் கட்டிலுக்கு ஆள அனுப்புனா."

"அனுப்புனவ கருவாடு திங்காதன்னு சொன்னாளா?"

"நீங்க வெளிய போயித் தின்னுங்க. யாரு புடிச்சா?"

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"அங்க போனதும் நீயே வாயால சொல்லணும்" என்றாள் அம்மா என்னிடம். "குடுத்தது ஒனக்கு. நான் சொன்னாப் பத்தாது."

அதைத்தான் நான் பயந்தேன். அந்தப் பெரிய கோயிலில், தட்டில் கண் ஏந்தியவளுக்கு முன்னால் நின்று, கண் கொடுத்ததற்கு நன்றி என்று சொல்லவேண்டும். அவள் உண்மையாகவே இருந்தால் எனக்கு என்ன செய்வாள்? அவள் இல்லை என்றால் அம்மா ஐந்து வருடமாக யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்? இரண்டில் எது நல்லது என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. பரீட்சை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். வயிற்று வலி என்றேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், இன்னொரு குண்டு வெடித்தால் பயணம் நின்றுவிடுமே என்று நினைத்துவிட்டேன். தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள யாரைச் சாகக் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை, பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, தோட்டத்து ஒபிசுக்குக் கடிதம் வாங்கப் போனோம். கிளாக்கர் தர்மராசா ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடமாக இங்கே இருக்கிறார். இன்னார் இந்தத் தோட்டத்தில் வசிப்பவர், இன்ன காரணத்துக்காகக் கொழும்பு போகிறார் என்று அவர் எழுதி, தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்டால் சாவடியில் காட்டலாம்.

"என்ன காரணம் எண்டு போடுறது?" கம்பி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"கோயிலுக்குங்க. நேர்த்தி."

"எந்தக் கோயில்?"

அம்மா சொன்னாள். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"கருப்பம்மா, ஆமிக்காரன் உம்மட நெத்தியப் பாப்பான். இவ்வளவு பெரிய பொட்டு. கடிதத்தில சேர்ச். பதுளையில பெரிய சேர்ச் இருக்கேக்குள்ள ஏன் கொட்டாஞ்சேனைக்கு எண்டு கேப்பான். என்ன சொல்லுவீர்?"

"கண்ணு மாதா அங்கதான இருக்கா."

"அதைச் சிங்களத்தில சொல்லும் பாப்பம்."

அம்மா சேலைத் தலைப்பைத் திருகினாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆஸ்பத்திரி எண்டா பேசாம விடுவாங்கள். பிள்ளைக்கு முந்திக் கண்ணில அடிபட்டதுதானே. கண் காட்டப் போறம் எண்டு டிஸ்பென்சரியில ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு வாரும். நான் அதை வைச்சு எழுதுறன். சாமி கோவிக்காது."

வெளியே வந்ததும் அம்மாவின் முகத்தில் விரதம் தொடங்கியதிலிருந்து இருந்த இறுக்கம் கொஞ்சம் விட்டிருந்தது. "பொய்தான். ஆனா நல்ல காரியத்துக்குப் பொய்" என்றாள். டிஸ்பென்சரியில் கண்ணைச் சோதிப்பார்களா, வெறும் துண்டு எழுதிக் கொடுப்பார்களா என்ற ஒரே கேள்விதான் எனக்குள் இருந்தது. சோதித்தால் அங்கே சுவரில் இருக்கும் எழுத்துப் படத்தை முன்கூட்டியே வலது கண்ணால் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஐந்து வரிதான்.

டிஸ்பென்சர் புஹாரி ஐயாவைத் தோட்டத்தில் எல்லோரும் டாக்டரையா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கோயிலுக்குப் போக நான் நோய் எழுதணுமா? நல்ல கதைதான்."

"கிளாக்கரையாதான் சொன்னாருங்க."

"அவர் சொல்வார். பார்க்காம எழுத ஏலாது கருப்பம்மா. புத்தகத்துல பதியணும். மகள், இங்க வந்து கோட்டுல நில்லுங்க."

நான் சுவரில் இருந்த படத்தின் எழுத்துகளை அவசரமாகப் பார்த்தேன். முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாவது வருவதற்குள் அவர் ஒரு மட்டையை என் வலது கண்ணின்மேல் வைத்துவிட்டார். எல்லாம் இல்லாமல் போயிற்று.

பின்னாலிருந்து அம்மா கிசுகிசுத்தாள். "தெரியலன்னு சொல்லு புள்ள. அப்பதான் எழுதுவாரு."

அந்தக் கணத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும்தான். மனப்பாடம் செய்த வரிகள் தொண்டையில் நின்றன. நான் அவற்றைச் சொன்னால் துண்டு கிடைக்காது, பயணம் நிற்கும், பொய் பிழைத்துக்கொள்ளும். அம்மாவே பிழைக்க வழி சொல்லாமல் எதிர்ப்பக்கம் தள்ளுகிறாள். ஐந்து வருடமாக யாராவது ஒருத்தர் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேனோ என்னவோ.

"தெரியல" என்றேன்.

"மேல உள்ள பெரிய எழுத்து?"

"தெரியல."

"ஜன்னல் எந்தப் பக்கம்?"

"தெரியல ஐயா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பாருங்களேன், எப்புடிச் சொல்றா. தீவாளி நாடகத்துல சேத்துவிடலாம்."

டாக்டரையா சிரிக்கவில்லை. என் முகத்துக்கு நேரே ஏதோ காற்று அசைந்தது. பிறகுதான் விளங்கியது, அவர் கையைக் கண்ணுக்கு மிக அருகில் வீசியிருக்கிறார். நான் இமைக்கவில்லை. மட்டையை எடுத்துவிட்டு டோர்ச்சைக் கொண்டுவந்தார். வலது கண்ணில் வெளிச்சம் குத்தியது. இடது கண்ணில் ஒன்றும் நடக்கவில்லை. மாறி மாறி அடித்துப் பார்த்தார்.

"எவ்வளவு காலமா மகள்?"

"ஐயா, நான் சொல்லிக் குடுத்ததுங்க" என்றாள் அம்மா, இன்னும் சிரிப்போடு.

"இது சொல்லிக் குடுத்து வாறது இல்ல, கருப்பம்மா."

வெளியே யாரோ இருமினார்கள். அம்மா எழுந்து வந்து, டாக்டரையாவைத் தள்ளாத குறையாக எனக்கு முன்னால் நின்றாள். தன் உள்ளங்கையால் என் வலது கண்ணை அழுத்தி மூடினாள். கொழுந்துச் சாயம் ஏறிய கை. விரல்களுக்கிடையில் ஒரு கீற்றுக்கூட இல்லை.

"இது எத்தன?"

அவள் விரல்களைக் காட்டுகிறாளா, கையைத் தூக்கியே இருக்கிறாளா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

"எத்தனன்னு கேக்குறேன்."

"தெரியலம்மா."

கை என் முகத்திலேயே இருந்தது. டாக்டரையாதான் அதை மெதுவாக எடுத்துவிட்டார். கட்டு அவிழ்த்த நாளிலிருந்தே என்று அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. இடது கண்ணுக்கு இனி என்ன செய்ய முடியும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். ஆனால் அடிபட்ட கண்ணைப் பார்க்காமல் விட்டால் சிலவேளை நல்ல கண்ணுக்கும் பழுது வரலாம். அதனால் வலது கண்ணைத்தான் முதலில் பெரிய டொக்டர் பார்க்கவேண்டும். "எல்லாருக்கும் வாறதில்ல. பயப்பட வேணாம். ஆனா தள்ளிப்போட வேணாம்." கொழும்புக் கண் ஆஸ்பத்திரிக்கு விடியற்காலையிலேயே போய் வரிசையில் நிற்கச் சொன்னார். துண்டை எழுதி, இரண்டு தடவை வாசித்துப் பார்த்து, அம்மாவின் கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார்.

வழியில் அம்மா முன்னால் நடந்தாள். தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் இருந்த மதகில் திடீரென்று உட்கார்ந்தாள்.

"ஏன் சொல்லல?"

"நீங்க சாப்புடவே இல்ல."

"எப்ப?"

"ஆஸ்பத்திரியில. அப்ப."

"அதுக்குப் பொறகு அஞ்சு வருசமா நான் தின்னுக்கிட்டுத்தான இருந்தேன்" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் மலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஊசியில நூல் கோக்கணும்னா என்கிட்ட குடுத்துட்டு ஓடிருவ. சோம்பேறின்னு திட்டுவேன். திட்டிட்டு ஒரு மாதிரி பயமா இருக்கும். எதுக்குப் பயம்னு யோசிக்க மாட்டேன். எந்திரிச்சுப் போயி வேற வேல பாப்பேன்."

ஒரு தடவைகூட அவள் என் வலது கண்ணை மூடிப் பார்த்ததில்லை என்பதை நான் பலமுறை நினைத்திருக்கிறேன். அன்பினால் என்று நினைத்தேன். கவனமில்லாததால் என்று கோபப்பட்டும் இருக்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே கதவை இரண்டு பக்கமும் நின்று சாத்திப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

"கத்தி என் கையிலதான இருந்திச்சு" என்றாள்.

"தள்ளிக் குந்துன்னு நீங்க சொன்னீங்க."

"சொன்னேனா?" அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அது ஞாபகமே இல்லை. "சொன்னேனா, புள்ள?"

"சொன்னீங்க. நான்தான் கேக்கல."

அவள் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு எழுந்து நடந்தோம். அன்று சாயங்காலம் அப்பாவிடம் அவளே சொன்னாள். அப்பா வாசலில் போய் வெகுநேரம் நின்றார். உள்ளே வந்து என் தலையில் கை வைத்துவிட்டு மறுபடி வெளியே போனார்.

மறுநாள் காலை ஒபிஸ் ஜன்னலில் துண்டை நீட்டினேன். தர்மராசா ஐயா வாசித்துவிட்டு முறுவலித்தார்.

"புஹாரி கெட்டிக்காரன். இதை ஆரும் நம்புவினம்."

"அது நெசங்க ஐயா" என்றாள் அம்மா.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். எந்தக் கண்ணைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. துண்டில் மறுபடி தேடினார். பிறகு தட்டச்சு யந்திரத்தில் காகிதம் சொருகினார்.

"வெள்ளிக்கிழமைதானே?"

"இன்னைக்கு ராத்திரியே போறோம் ஐயா. நாளைக்கு விடிய அங்க நிக்கணும்" என்றாள் அம்மா. கொஞ்சம் தயங்கிவிட்டு, "கோயிலையும் சேத்து எழுதுங்க. இனிமே ஒண்ணையும் மறைக்க வேணாம்" என்றாள்.

"ரெண்டையும் எழுதினா ரெண்டையும் நம்பமாட்டாங்கள், கருப்பம்மா."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு."

இந்தப் பயணத்தைப் பற்றி அவள் என் விருப்பத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆஸ்பத்திரி மட்டும் போடுங்க ஐயா" என்றேன்.

"அப்ப கோயிலு?" அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில முடிஞ்ச பொறகு பாப்போம்மா."

"போனா, நன்றியெல்லாம் சொல்ல வேணாம். நான் கேக்க வேண்டியதக் கேட்டுக்குறேன்."

"சரி."

எழுத்துகள் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் விழுந்தன. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆஸ்பத்திரியில முடிய எத்தன மணியாவும்?"

"தெரியலம்மா."

"திரும்புற கோச்சி ராத்திரி எட்டு மணிக்குத்தான்."

பெரிய டொக்டர் என் வலது கண்ணைப் பார்த்துவிட்டு என்ன சொல்வார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அதையே நினைத்துக்கொண்டு, ரயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.